நம்பிக்கையின் கூரைக்கீழ் எழுதக் கற்கலாமா?

எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமலே "முடியாது, அது கருவிலேயே வரவேண்டிய திரு" என்று சொல்லிவிடுகிறோம். வீணைக்கு ஆசிரியர் வேண்டும் என்கிறோம். பரதத்திற்குப் பத்தாண்டுப் பயிற்சியும் அரங்கேற்றமும் வேண்டும் என்கிறோம். பிள்ளைகளை வாரந்தோறும் வகுப்புக்கு அழைத்துச் சென்று, வெளியே நாற்காலியில் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் செய்கிறோம். சிறுகதைக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம்! கற்பனை இருந்தால் போதும், பேனாவை எடுத்தால் கதை வந்துவிடும் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை தமிழின் நம்பிக்கை அன்று என்பதே என் எண்ணம். அது எங்கிருந்தோ இடையில் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பேரவையின் முன்னாள் உறுப்பினர் ஒருவர், எனக்குச் சில ஆண்டுகள் இளையவர், என்னைப் போலவே தோ பாயோவில் வசிப்பவர், அமெரிக்காவில் ஒரு கிறிஸ்துவப் பல்கலைக்கழகம் நடத்தும் படைப்பிலக்கிய முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். வேலையை விட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும், ஒவ்வொரு முறையும் பத்து நாள் போல, அங்கே சென்று தங்க வேண்டும். கட்டணமோ விமானச் செலவோடு சேர்த்தால் நம் வெள்ளியில் பல பத்தாயிரங்கள். அவருடைய அம்மாவுக்கு அந்தப் பணம் புது வீவக வீட்டின் முன்பணமாகத் தெரிகிறது. அம்மாக்கள் கணக்கில் அதிகம் பிழைவிடுவதில்லை.

என்னை உறுத்தியது பணம் அன்று. சந்தை பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து அவர் சொன்ன ஒரு வாக்கியம். "அண்ணா, அங்க போனா பைபிள் கதையா எழுதச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. ஆனா இங்க இருந்தா சாமியப் பத்தி ஒரு வரிகூட எழுத முடியல." ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனைக்குச் செல்பவர் அவர். பேசச் சொன்னால் விசுவாசத்தைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசுவார். அவருடைய கதைகளில் மட்டும் கடவுளுக்கு இடமே இல்லை. அது ஏன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் படிப்பு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மிடையே பலருக்கு அது புதிது. எழுத்தைப் பல்கலைக்கழகப் பட்டமாக்கும் வழக்கத்தை நிலைநாட்டியது ஐயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை. அது 1936இல் தொடங்கியது. அங்கே சேர்பவர் ஊரை விட்டு, வேலையை விட்டு, இரண்டு ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும். குழந்தை குட்டி உள்ளவர்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் இது எட்டாக்கனி. 1976இல் எலன் பிரையண்ட் வோய்ட் என்ற கவிஞர், வெர்மாண்ட் மாநிலத்தின் கோடார்ட் கல்லூரியில் வேறொரு முறையைத் தொடங்கினார். ஆண்டுக்கு இருமுறை சில நாள் மட்டும் கூடித் தங்குவது, மற்ற நேரம் ஆசிரியரும் மாணவரும் அஞ்சல் வழியாகப் பேசிக்கொள்வது. 1981இல் அந்தப் படிப்பு வட கரோலைனாவின் வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம் மாறியது. கோடார்ட் கல்லூரி 2024இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அங்கே பிறந்த முறை அமெரிக்கா முழுவதும் பரவி நிற்கிறது.

இதன் உயிர்நாடி தங்கும் பத்து நாளில் இல்லை, மாதாமாதம் அனுப்பும் கட்டில்தான் இருக்கிறது என்பேன். மாணவர் தாம் எழுதிய பக்கங்களையும், படித்த நூல்களைப் பற்றிய குறிப்புகளையும் ஒரு கட்டாக ஆசிரியருக்கு அனுப்புகிறார். ஆசிரியரிடம் ஒரு பருவத்திற்கு ஒரு சிலரே இருப்பார்கள். அவர் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு நீண்ட கடிதம் எழுதுகிறார். "இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டாய்? இந்தப் பாட்டி ஏன் வாயே திறக்கவில்லை? இவரைப் படித்துப் பார்." இரண்டு ஆண்டில் இப்படிப் பல கடிதங்கள். வாழ்நாளில் நம் எழுத்தை இவ்வளவு பொறுமையாக ஒருவர் படிப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? நம் கதையைப் படித்துவிட்டு "நல்லா இருக்கு, தொடர்ந்து எழுதுங்க" என்பவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர். அந்தப் பாராட்டால் எவருடைய இரண்டாவது கதையும் முதல் கதையைவிட மேம்பட்டதாக நான் அறியேன்.

சமயம் எங்கே வருகிறது? கிரகரி வுல்ஃப் என்பவர் 1989இல் 'இமேஜ்' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். சமய நம்பிக்கையையும் கலையையும் ஒன்றாகப் பேசும் இதழ் அது. 2005இல் அவரே சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகத்தில், மேலே சொன்ன முறையில், படைப்பிலக்கிய முதுகலைப் படிப்பு ஒன்றையும் தொடங்கினார். அங்கே மாணவர்கள் ஒருமுறை விட்பி தீவிலும் மறுமுறை நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரிலும் கூடினார்கள். ஹூஸ்டன் நகரில் உள்ள செயின்ட் தாமஸ் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் 2021இல் இத்தகைய படிப்பைத் தொடங்கியது.

இவற்றில் பக்திப் பாடலும் பிரசங்கமும் எழுதப் பயிற்சி தருகிறார்கள் என்று எண்ணுவது தவறு. கற்பிக்கப்படுவது கவிதை, புனைகதை, தன்வரலாற்றுக் கட்டுரை ஆகியவைதாம். வேறுபாடு ஒன்றே. மற்ற பட்டறைகளில் ஒரு பாத்திரம் முழந்தாளிட்டு வேண்டினால், வகுப்பில் இருப்பவர்கள் அதை மனநிலைப் பிரச்சினையாகவோ கலாசார அலங்காரமாகவோ பார்த்துவிட்டுக் கடந்துபோகக்கூடும். இங்கே, "அவள் என்ன வேண்டினாள்? அது கிடைக்காதபோது என்ன ஆனாள்?" என்று கேட்பார்கள். எழுதுகிறவருக்கு இந்தக் கேள்வி பெரிய உதவி.

அதற்காக, நம்பிக்கையாளர்கள் நம்பிக்கையின் கூரைக்கீழ்தான் எழுதக் கற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஃபிளேனரி ஓ'கானர் ஆழ்ந்த கத்தோலிக்கர். அவர் படித்தது சமயச் சார்பற்ற ஐயோவாவில்தான். அங்கே இருந்தபோது, 1946, 1947ஆம் ஆண்டுகளில், ஒரு சாதாரணப் பயிற்சிப் புத்தகத்தில் கடவுளுக்குக் கடிதம் போலத் தம் வேண்டுதல்களை எழுதி வைத்திருந்தார். நல்ல எழுத்தாளராக வேண்டும் என்பதும் அந்த வேண்டுதல்களுள் ஒன்று. அந்தக் கையெழுத்துப் பிரதி அவர் மறைந்து வெகு காலம் கழித்து 2013இல்தான் நூலாக வந்தது. பகலில் பட்டறை, இரவில் பிரார்த்தனை. இரண்டையும் அவரே இணைத்துக்கொண்டார். எல்லாராலும் அது முடியுமா என்பது வேறு.

கூரை ஒருவருடையது என்றால், அவர் சொல்வதுதான் சட்டம் என்ற சிக்கலும் வந்துவிடுகிறது. சியாட்டில் பசிபிக்கையே எடுத்துக்கொள்வோம். ஓரினத் திருமண உறவில் இருப்பவர்களை முழுநேர ஊழியர்களாக ஏற்காத விதியை, ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்த பின்னும், அதன் அறங்காவலர் குழு 2022இல் நிலைநிறுத்தியது. மாணவர்கள் நாள்கணக்கில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் தலைவருடன் கைகுலுக்குவதற்குப் பதிலாகப் பலர் அவர் கையில் வானவில் கொடியைக் கொடுத்தார்கள். எழுத்து வகுப்பில் சந்தேகத்திற்கு இடம் உண்டு என்று சொல்லும் நிறுவனம், நிர்வாக அலுவலகத்தில் அதே இடத்தைத் தருமா? விண்ணப்பிக்கிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. பாடத்திட்டத்தைப் படிப்பது போலவே விதிப்புத்தகத்தையும் படிக்க வேண்டும் என்று என் இளைய நண்பரிடம் சொன்னேன்.

இதெல்லாம் மேலைநாட்டுச் சங்கதி, நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி. எனக்குப் பிடித்த பகுதியும் இதுவே.

1871இல் பதினாறு வயது இளைஞர் ஒருவர் தம் தந்தையோடு மாயூரத்திற்குச் சென்றார். அங்கே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற ஆசிரியர் இருந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களுமாகப் பாடிக் குவித்தவர். வேங்கடராமன் என்ற அந்த மாணவரின் பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு மற்றவை தெரியும். படிக்காதவர்கள் விடுமுறையில் படியுங்கள், நூலகத்தில் கிடைக்கும்.

அந்த மடத்தில் நடந்தது என்ன? ஆசிரியர் செய்யுளை மனத்திலேயே அமைத்துச் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதினார்கள். ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, எந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு எந்தச் சொல்லை எடுக்கிறது என்பதை மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தார். நூல் முடிந்ததும் அரங்கேற்றம். ஊரும் புலவர்களும் கூடியிருக்க, பாட்டைப் படித்துப் பொருள் சொல்லி, எழும் தடைகளுக்கு விடை கூற வேண்டும். ஐயோவா பட்டறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் பிரித்து மேய்கிறார்களே, அதற்கு எவ்வளவோ முன்பே நம்மிடம் இருந்த ஏற்பாடு இது. உணவும் இடமும் மடம் கொடுத்தது. சமயம் அங்கே பாடமாக மட்டும் இருக்கவில்லை, சோறாகவும் இருந்தது. எழுத்தாளருக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் நாம் கண்ட பதில் அது.

அந்த மடத்தின் பெருமையைப் பேசும்போது அதன் கதவைப் பற்றியும் பேச வேண்டும். பெண்களுக்கு அங்கே இடமில்லை. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களுக்கும் இடமில்லை. உள்ளே இருந்தவர்களுக்குள்ளும் பந்தி வேறு. என் இளைய நண்பர் 1871இல் பிறந்து வாழ்ந்திருந்தால் அந்தத் திண்ணையின் பக்கமே போயிருக்க முடியாது.

ஆனாலும் அந்தச் சைவ ஆசிரியரிடம் படித்தவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்துவர் இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலர் என்ற இஸ்லாமியப் புலவரும் இருந்தார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, பின்னாளில் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டவர், மகாவித்துவானின் நெருங்கிய நண்பர். அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மகாவித்துவான் 'குளத்தூர்க் கோவை' பாடியிருக்கிறார். தம் நம்பிக்கையில் உறுதியாக நின்ற ஒருவர், மாணவரின் நம்பிக்கையைக் கேட்காமல் செய்யுள் கற்றுக்கொடுத்தார். 2022இன் சியாட்டிலைவிடச் சில வகையில் விரிந்த மனம், சில வகையில் மிகச் சுருங்கிய மனம்.

அந்தப் படிப்பின் குறையையும் சாமிநாதையரே நமக்குக் காட்டிவிட்டார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அவரைச் சந்தித்து, என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பட்டியல் நீண்டது. சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது பட்டியல் நின்றுவிட்டது. சமண நூலாகிய சீவக சிந்தாமணி மடத்துப் பாடத்தில் இல்லை. பிறகு நடந்ததுதான் அழகு. அந்தச் சைவ மாணவர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய் அவர்களிடம் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். மடம் அவருக்கு மொழியைக் கொடுத்தது. மடத்துக்கு வெளியே போனதால் இலக்கியம் கிடைத்தது. இரண்டில் எது இல்லாமற்போயிருந்தாலும் நமக்கு உ.வே.சா. இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் தமிழ் அச்சேறிய தொடக்க காலத்தைப் பாருங்கள். 1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிரின் 'முன்னாஜாத்துத் திரட்டு', இறைவனிடம் இறைஞ்சும் பாடல்கள். 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி', டேங்க் ரோடு முருகன் மேல் பாடியது. ஆக, இங்கே எழுத்து தொடங்கியதே தொழுகையிலும் கோயிலிலும்தான். பிறகு அது எப்போது பிரிந்தது?

என் கணிப்பு இது. நம் உரைநடையும் சிறுகதையும் வளர்ந்தது சீர்திருத்தக் காலத்தில். பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். கோ.சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு அந்தக் காற்றைச் சுவாசித்தே வளர்ந்தது. அந்த இயக்கம் நமக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் தாத்தா தலைமுறை எழுத்துக் கூட்டிப் படித்ததற்கே அது ஒரு காரணம். ஆனால் அதனால் ஒரு பாகப்பிரிவினையும் நடந்துவிட்டது. செய்யுள் சாமிக்கு, கதை சமுதாயத்துக்கு என்றாகிவிட்டது. கதையில் பூசாரி வந்தால் ஏமாற்றுக்காரர், பக்தர் வந்தால் ஏமாளி. இன்று கதையில் அவர்களைக் கேலி செய்வதும் இல்லை, அவர்கள் வருவதும் இல்லை.

அதோடு இந்த நாட்டின் எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. பல சமயத்தவர் நெருங்கி வாழும் ஊர். தோ பாயோவிலேயே பாருங்கள். லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் கோயில், முன்பு ஆர்ச்சர்ட் ரோடு வட்டாரத்தில் இருந்து 1980களில் இங்கே வந்தது. பிரேடல் ரோட்டில் முஹாஜிரீன் பள்ளிவாசல், பள்ளிவாசல் கட்டட நிதியால் 1977இல் எழுந்த முதல் பள்ளிவாசல். அதன் பெயரின் பொருளே இடம்பெயர்ந்தவர்கள் என்பதுதான். ஜாலான் தோ பாயோவில் சுவாங் லின் புத்த மடம், நூறாண்டுக்கும் மேலாக அதே இடத்தில் இருக்கிறது. 1964 கலவரங்களை மறக்காத அரசாங்கம் 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது நியாயமே. அந்தச் சட்டம் பகைமை மூட்டுவோரைப் பற்றியது. தன் சொந்த நம்பிக்கையின் மேல் தனக்கு வந்த சந்தேகத்தைக் கதையாக எழுதும் ஒரு பெண்ணைப் பற்றியது அன்று. நாம்தான் வேலியை நகர்த்தி நகர்த்தி நம் வாசற்படி வரை கொண்டுவந்து வைத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் சிறுகதைப் போட்டியின் கதைகளைப் படிக்க நேர்ந்தது. முதியோர் இல்லம், கைப்பேசி மோகம், பணிப்பெண்ணின் கண்ணீர் என்று ஒரே மாவில் சுட்ட தோசைகள். நடுவில் ஒரு கதை. தந்தையின் நேர்த்திக்கடனுக்காகக் காவடி எடுக்கிற மகன், தனக்கு முருகன் மேல் நம்பிக்கை இல்லை என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் நடக்கிறான். குற்றங்குறைகள் இருந்தாலும் மூச்சுள்ள கதை. "எதுக்கு வம்பு?" என்று அது ஓரமாக வைக்கப்பட்டது. கோயில்காரர்களைக் கேட்டிருந்தால் அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தைப்பூசத்திலும் அப்படிப்பட்ட மகன்கள் சிலர் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஆகவேதான் என் இளைய நண்பர் அமெரிக்கக் கூரையைத் தேடுகிறார். அவருடைய தேடலில் எனக்கு உடன்பாடே. அங்கே போனால் கிடைக்கக்கூடியவை மூன்று: ஓர் ஊன்றிப் படிக்கும் ஆசிரியர், காலக்கெடு, தன்னைப் போன்ற தோழர்கள். கடைசியாகச் சொன்னதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அசோகமித்திரன் 1973இல் ஐயோவாவின் அனைத்துலக எழுத்தாளர் திட்டத்திற்குச் சென்றார். அந்த அனுபவமே 'ஒற்றன்!' என்ற நூலானது. அதில் வகுப்பும் பாடமும் பெரிதாக இல்லை. பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் தங்கி, ஒருவர் பாஷை ஒருவருக்குச் சரியாகப் புரியாமல், குளிரில் நடுங்கி, சண்டையிட்டு, சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்ததே நூல் முழுவதும். ஒரு தமிழ் எழுத்தாளருக்கு அதுவே போதுமான படிப்பாக இருந்திருக்கிறது.

கிடைக்காதது ஒன்றும் உண்டு. தமிழ். அங்கே அவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "கர்த்தாவே" என்று பாட்டி கூப்பிடுவதற்கும் அதன் ஆங்கிலத்திற்கும் இடையே இருக்கும் தூரம், சாங்கியிலிருந்து சியாட்டில் வரை உள்ள தூரத்தைவிட அதிகம். அவர் எழுத முடியாமல் தவிப்பதே அந்தக் "கர்த்தாவே"யைத்தான். தமிழில் கட்டு அனுப்பி, தமிழில் கடிதம் பெறும் ஏற்பாடு இருந்தால் அவர் விமானம் ஏறவே வேண்டியதில்லை.

அப்படி ஓர் ஏற்பாடு இந்த வட்டாரத்தில் முன்பு இருந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1950, 1951 வாக்கில் கோலாலம்பூரின் தமிழ் நேசன் நாளிதழில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம் வரும், வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்புவார்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்தவர்கள் அப்படி எழுதக் கற்றார்கள். அடுத்து இங்கே தமிழ் முரசில் 'ரசனை வகுப்பு' வந்தது. வெர்மாண்டில் எலன் வோய்ட் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அஞ்சல் தலையும் பொறுமையும் மட்டும் கொண்டு நம்மவர்கள் செய்தார்கள். பல்கலைக்கழகம் இல்லை, பட்டம் இல்லை, கட்டணமும் இல்லை.

இன்று நம்மிடம் என்ன இல்லை? சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. தங்கமுனை விருதில் தமிழுக்கு இடம் இருக்கிறது. எழுத்தாளர் கழகத்தின் கதைக்களமும் கவிமாலையும் மாதந்தோறும் கூடுகின்றன. ஒரு நாள் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் தமிழகத்து எழுத்தாளர் பேசுவார், மதியம் பிரியாணி, மாலையில் குழுப்படம். அவற்றில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இல்லாதது இரண்டு ஆண்டு விடாமல் ஒருவர் ஒருவரைப் படிப்பது.

நேரமில்லை என்று சொல்வோம். தேசியச் சேவை முடித்த நம் ஆண்களை நாடு ஆண்டுக்கு 40 நாள் வரை மறுபயிற்சிக்கு அழைக்கலாம். முதலாளிகள் விடுப்பு தருகிறார்கள், குடும்பங்கள் சமாளிக்கின்றன, வானம் இடிந்து விழுவதில்லை. சதுப்பு நிலத்தில் ஊர்ந்து திரும்புகிற நாமே, எழுத்துக்காக ஜூனில் பத்து நாள், டிசம்பரில் பத்து நாள் என்றால் மூச்சு முட்டுகிறது என்கிறோம்.

எனவே என் யோசனையை வைக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பேரவை ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், இழந்தவர் யாராயினும் சரி. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் நிர்வாகங்களை நாம் இதுவரை விழா அரங்கத்துக்காகவும் அன்னதானத்துக்காகவும்தான் அணுகியிருக்கிறோம். ஒரு வகுப்பறையும் இருபது நாள் சாப்பாடும் தர முடியுமா என்று கேட்போம். நிபந்தனை ஒன்றுதான்: இடம் அவர்களுடையது, எழுதியதைத் திருத்தும் உரிமை அவர்களுடையது அன்று. இதற்கு ஒப்பாத இடம் வேண்டாம், சமூக மன்றத்தில் அறை எடுத்துக்கொள்ளலாம். காளியம்மன் கோயிலில் ஒரு முறை, தேவாலயத்தில் மறுமுறை, பள்ளிவாசலில் அதற்கடுத்த முறை என்று மாற்றி மாற்றித் தங்கினால், அடுத்தவர் வழிபாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் முடியும். சிந்தாமணிக்காகச் சமணர் வீட்டுக்குப் போன கதை நினைவிருக்கட்டும்.

என் இளைய நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. விண்ணப்பத்துடன் இருபத்தைந்து பக்கம் மாதிரி எழுத்து அனுப்ப வேண்டுமாம். பாட்டியைப் பற்றிய ஒன்றைத் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறார். தமிழ்ப் பிரதியை எனக்கு அனுப்பினார். ஒன்பதாம் பக்கத்தில் பாட்டி சண்டை போடுகிறாள், கடவுளோடு, தோ பாயோ அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், குக்கர் விசிலுக்கு நடுவே. நான்கு பக்கத்தில் பதில் எழுதினேன். என்னால் மாதம் ஒருவருடைய கட்டைத்தான் ஒழுங்காகப் படிக்க முடியும் என்று அப்போது தெரிந்தது. இன்னும் ஐந்து பேருக்கு ஐந்து பேர் வேண்டும். முன்னாள் உறுப்பினர்களில் மாதம் நாற்பது பக்கம் படித்து, "நல்லா இருக்கு" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் கடிதம் எழுதக் கூடியவர்கள் பேரவைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.